நர்ஸுக்கு உண்டு... டீச்சருக்கு இல்லை!

“துபாய்ல இன்டர்நேஷனல் ஸ்கூல்ல டீச்சர் வேலை” என்றால் நம் ஊரில் தனி மரியாதைதான். கட்டட வேலைக்குக் கிளம்பும் பையனிடம், ‘ஏஜென்ட் நல்லவனா, விசாரிச்சியா?’ என்று பத்து பேர் கேட்பார்கள். டீச்சரிடம் யாரும் கேட்பதில்லை. ‘படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாதா?’ என்று விட்டுவிடுவார்கள். நம் அரசாங்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான் விட்டுவிடுகிறது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இசிஆர்’ வகை. அவர்கள் அமீரகம், சவுதி, கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். வேலை தருவது யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாகும். 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கட்டாயம். பி.எட் முடித்த டீச்சருக்கு இது எதுவும் இல்லை. விசா வந்தால் ஃப்ளைட் ஏறிவிடலாம். கான்ட்ராக்டை இங்கே ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

நர்ஸ்களும் படித்தவர்கள்தானே? ஆள் எடுப்பதில் நடந்த வசூல் கொள்ளை வெளியே வந்த பிறகு, 2015-ல் அவர்களுக்கு மட்டும் விதி மாறியது. எந்த வகை பாஸ்போர்ட் இருந்தாலும் இந்த நாடுகளுக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். ஆசிரியர்களுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் எல்லோரும் 2019 ஜனவரி முதல் முன்பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால், அதோடு சேர்ந்து டீச்சருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே பதிவும் போனது.

சரி, அங்கே போனால் என்ன நடக்கிறது? பல பள்ளிகளில் சம்பளத்தை முடிவு செய்வது பாடமோ அனுபவமோ அல்ல, பாஸ்போர்ட்டின் நிறம். பிரிட்டனிலிருந்து வருபவருக்கு வீடு, வருடாந்தர டிக்கெட், பிள்ளைகளுக்கு ஃபீஸ் சலுகை. அதே ஸ்டாஃப் ரூமில், கணவரின் விசாவில் இருக்கும் நம் ஊர் டீச்சர் ‘லோக்கல்’ நியமனம். ‘உங்களுக்குத்தான் வீடு இருக்கே’ என்று சொல்லியே சம்பளத்தைக் குறைப்பார்கள். கணவர் விசாவில் இருந்தாலும் வேலை பார்க்கத் தனியாக வொர்க் பர்மிட் வேண்டும். அது இல்லாமல் ‘நாளையே வந்துடுங்க’ என்று ஒரு பள்ளி சொன்னால், சட்டச் சிக்கல் உங்கள் தலையிலும் விழும்.

இன்னொரு தந்திரம் கொஞ்சம் நுணுக்கமானது. மொத்தச் சம்பளம் 4,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பேசிக் 1,600, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருந்தால், மாதா மாதம் கைக்கு வருவதில் வித்தியாசம் தெரியாது. வேலையை விடும்போதுதான் தெரியும். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் ‘பேசிக்’தான் பணிக்கொடை. மூன்று வருடத்துக்கு 3,360 திர்ஹாம் வரும். அதே 4,000-ல் பேசிக் 3,200 ஆக இருந்திருந்தால் 6,720. வேலைக்குச் சேரும் சந்தோஷத்தில் இதையெல்லாம் யார் கணக்குப் போடுகிறார்கள்!

சட்டம் காகிதத்தில் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரும், அங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் கான்ட்ராக்டும் ஒத்துப்போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், விசாவும் வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் சீட்டும் அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது, புகார் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதனால், பேச வேண்டியதை இங்கேயே பேசிவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் பேசிக் எவ்வளவு, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வருடாந்தர டிக்கெட் யாருடைய செலவு என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான். லட்சத்தில் கேட்டால் அவர் பெயர் இ-மைக்ரேட் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போனபின் பிரச்னை என்றால், இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு அமீரகத்திலிருந்து 800 46342 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசிப் பாருங்கள்.