புள்ளி பிறவிக் குணமன்று

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களில் விசித்திரமானதொரு நம்பிக்கை நிலைபெற்றுள்ளது. வைத்தியராவதும் பொறியியலாளராவதும் உழைப்பால் கைகூடுவன. விமானியாவதோ பிறவியிலேயே அமைய வேண்டியது என்பதே அந்நம்பிக்கை. மருத்துவ பீடத்தில் ஓரிடம் பெறுவதற்காக ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையை ரியூட்டரிக்கு அனுப்பும் தந்தை, அதே பிள்ளை விமானப்படையின் பயிலிளவல் அதிகாரித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கென ஆறு வாரப் பயிற்சியேனும் வேண்டுமென எண்ணுவதில்லை. இளைஞன் விண்ணப்பிக்கிறான், இரவு பஸ்ஸில் கொழும்புக்குச் செல்கிறான், ஓட்டத்திலோ எழுத்துத் தேர்விலோ தோற்றுத் திரும்புகிறான். ஊர் உடனே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. "அந்தத் திறமை நமது பிள்ளைகளுக்கு இல்லை" என்பர் ஒரு சாரார். "இருந்தாலும் எடுக்கமாட்டார்கள்" என்பர் மறுசாரார். இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் ஒரே பணியையே செய்கின்றன. ஆயத்தமின்மை என்னும் முதற்காரணத்தை இரண்டும் மறைத்துவிடுகின்றன.

தூரத்தைக் காரணங்காட்டுவதற்கும் இடமில்லை. 1951 மார்ச் 2ஆம் நாள் தோற்றம்பெற்று, சிப்மங்க் பயிற்சி விமானங்களோடு பறப்பைத் தொடங்கிய இலங்கை விமானப்படையின் கல்விக்கூடம் இன்று திருகோணமலையின் சீனக்குடாவிலே, அதாவது கிழக்கு மாகாணத்திலேயே, அமைந்துள்ளது. அம்பாறை மாவட்டத்திற்குள்ளேயே, உகணையில், விமானப்படையின் ஓடுபாதை உண்டு. ஆகவே, தடை தூரத்தில் இல்லை, தேர்வில் உள்ளது. அத்தேர்வின் இயல்பை ஆராய்தலே முதற்கடன்.

இராணுவ விமானிக்கான தேர்வு எந்நாட்டில் நடைபெறினும் அதன் கூறுகள் மூவகைப்படும். பயிற்சியால் உயர்வன ஒருவகை. பேணிக் காக்கப்பட வேண்டியன மற்றொரு வகை. எம்முயற்சிக்கும் அடங்காதன மூன்றாம் வகை. கணிதம், ஆங்கிலம், கருவிகளைப் படித்தறிதல், கைகால் ஒத்திசைவு, ஓட்டம், தசைவலிமை என்பன முதலாம் வகையின. கண்பார்வை இரண்டாம் வகையினது. உயரமும் நிறக்குருடும் மூன்றாம் வகையின. கரையோரத்தின் பிழை யாதெனில், மூன்றாம் வகைக்குரிய விதியை மூன்றுக்கும் பொதுவிதியாகக் கொண்டமையே.

திறன் தேர்வுகள் வெறும் சடங்குகளல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவ விமானப்படை, ஜோன் பிளனகன் என்னும் உளவியலாளரின் வழிகாட்டலில், விண்ணப்பதாரரின் தேர்வுப் புள்ளிகளை 1 முதல் 9 வரையான படிகளாகத் தொகுத்தது. உயர்படியினர் பெரும்பாலும் பறப்புப் பயிற்சியை நிறைவுசெய்தனர்; தாழ்படியினருட் பெரும்பகுதியினர் இடையிலேயே விலக்கப்பட்டனர். புள்ளி எதையோ சரியாகவே அளந்தது. ஆயினும் அளவு சரியானது என்பதனால், அளக்கப்பட்டது மாறாதது என்று ஆகிவிடாது. வெப்பமானி காய்ச்சலைச் சரியாக அளக்கிறது. அதனாற் காய்ச்சல் பிறவிக் குணமாகிவிடுகிறதா?

இதற்குச் சான்று அத்தேர்வுகளுக்குள்ளேயே உண்டு. அமெரிக்க விமானப்படையின் அதிகாரித் தகைமைத் தேர்வில் விமானம் பற்றிய பொது அறிவுக்கெனத் தனியொரு பகுதி உள்ளது. சிறகின் உறுப்புகள், செலுத்துகருவிகளின் தொழில் முதலியன அங்கே வினவப்படும். இவற்றுக்கு விடையளிக்க இயலாதவன் அறிவிலி அல்லன், அந்நூலைக் காணாதவன். திசைகாட்டியும் செயற்கை அடிவானமும் வரையப்பட்ட படத்தை நோக்கி, விமானம் எப்பக்கம் சாய்ந்துள்ளது, ஏறுகின்றதா, இறங்குகின்றதா எனக் கூறுமாறு மற்றொரு பகுதி கேட்கும். அப்படத்தை முதன்முறை காண்பவன் திகைப்பான். நூறாம் முறை காண்பவன் கணத்தில் விடை கூறுவான். ஒரே தேர்வை மீண்டும் எழுதுவோரின் புள்ளி உயர்வதை உளவியலாளர் பல ஆய்வுகளிற் கண்டுள்ளனர்.

இன்னொரு சான்று இதனினும் கூர்மையானது. அதே விமானப்படையில் விமானி வேட்பாளரின் இறுதிப் புள்ளியைக் கணிக்கும்போது, அவர் சொந்தச் செலவிற் பறந்த மணித்தியாலங்களும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. ஏறத்தாழ 200 மணித்தியாலம் வரை பறந்தவருக்குப் புள்ளி ஏறிக்கொண்டே சென்றது. பணமுள்ளவன் பறந்தான், பறந்தவன் புள்ளி பெற்றான். வசதியற்றோர்க்கு இம்முறை தடையாக இருந்ததை உணர்ந்து 2020ஆம் ஆண்டில் அவ்வெல்லை ஏறத்தாழ 60 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. மறுதேர்வுக்கான காத்திருப்புக் காலமும் சுருக்கப்பட்டது. "பிறவித்திறன்" எனப் போற்றப்பட்ட புள்ளியில் ஒரு பகுதி பணப்பையின் கனமே என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா?

இந்தியாவிலோ நிலைமை வேறு. அங்கு விமானித் திறன் தேர்வில் ஒருமுறை தவறியவருக்கு வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. "சும்மா ஒருமுறை போய்ப் பார்ப்போம்" என்னும் மனப்பாங்கு அங்கே எத்துணைப் பெரிய இழப்பை விளைவிக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. மறுவாய்ப்பு உள்ள இடத்தில் ஆயத்தமின்மை காலத்தை வீணாக்கும். இல்லாத இடத்தில் வாழ்வையே திசைதிருப்பிவிடும்.

ஒரு மக்கட் கூட்டத்துக்கே பறக்கும் தகுதியில்லை என்ற கூற்றும் உலகிற்குப் புதியதன்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரியின் அறிக்கையொன்று கறுப்பின மக்களைத் தாழ்ந்த ஆற்றலுடையோராகச் சித்திரித்தது. 1941இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் அவர்களுக்கெனத் தனிப் பயிற்சி தொடங்கப்பட்டது. 1946க்குள் 900க்கு மேற்பட்டோர் அங்கே விமானிகளாயினர். அவர்களுட் பலர் ஐரோப்பிய வானிற் போரிட்டனர். 1925க்கும் 1941க்கும் இடையே அம்மக்களின் குருதி மாறவில்லை. மாறியது ஒன்றே: பயிலுமிடம் கிடைத்தது. இலங்கையிலும் விமானப்படை தன் பெண் விமானிகளுக்கு 2020ஆம் ஆண்டிலேதான் சிறகுச் சின்னம் அணிவித்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் இந்நாட்டுப் பெண்களிடம் அத்திறன் இருக்கவில்லை என்று எவரேனும் வாதிடுவரா?

கரையோரத்தின் உடலும் கையும் எத்தகையன? மருதமுனையின் தறிக்குழியில் அமர்ந்த நெசவாளி இரு கால்களாலும் மிதிபலகையை மாறிமாறி அழுத்துகிறான். கை நாடாவை வீசுகிறது. கண்ணோ அறுந்த இழையைத் தேடுகிறது. விமானியும் கால்களாற் சுக்கானை அழுத்தி, ஒரு கையாற் செலுத்துகோலையும் மறுகையால் இயந்திர விசையையும் ஆண்டு, கண்ணாற் கருவிகளை வலம்வருகிறான். கைகால் ஒத்திசைவைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட ஊரிலே அத்திறன் இல்லையென்பது நகைப்புக்குரியது. கரைவலை இழுக்கும் தோளுக்கும் வலிமை குறைவில்லை. குறைவாயிருப்பது, அவ்வலிமையைத் தேர்வு கேட்கும் வடிவில் அமைத்துக்கொள்ளும் ஒழுங்கேயாகும். அமெரிக்க விமானப்படை மருத்துவரான கெனத் கூப்பர் 1968ஆம் ஆண்டில் 12 நிமிட ஓட்டத்தை உடற்றகுதியின் அளவுகோலாக வெளியிட்டார். அவரது ஆய்வுவழி பரவிய ஒன்றரை மைல் ஓட்டம், அதாவது 2.4 கிலோமீற்றர், படைத்தேர்வுகள் பலவற்றில் இடம்பெற்றது. பயிலாத உடலே பயிற்சியால் விரைவாக முன்னேறும். வாரத்தில் நான்கு நாட்கள், மெல்லோட்டமும் விரைவோட்டமும் கலந்து, 12 வாரம் ஓடுபவனின் நேரம் வியக்கத்தக்கவாறு குறையும். இதற்குச் செலவில்லை, கடற்கரையும் அதிகாலையுமே போதும்.

பயிற்சியால் மீட்கமுடியாத இழப்பு வேறோரிடத்தில் நிகழ்கிறது. அதுவே கண். விமானியின் பார்வைக்குப் படைகள் கடுமையான வரம்பு விதிக்கின்றன. சிறுவயதில் நெடுநேரம் கிட்டப் பார்வைக்குரிய வேலையிலும், குறைந்த நேரமே வெயில் வெளிச்சத்திலும் இருக்கும் பிள்ளைகளிடம் குறும்பார்வை பெருகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்வான் 2010இலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை நாள்தோறும் 120 நிமிடம் வெளியிலே இருக்கச் செய்தது. ஆண்டுதோறும் ஏறிவந்த பார்வைக்குறைவு வீதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது. கரையோரப் பிள்ளையோ பாடசாலை விட்டதும் தகரக் கூரையின் கீழ் நெருங்கியமர்ந்து இருட்டும்வரை குறிப்பெழுதுகிறது. விளையாட்டு நேரம் வீண்பொழுதெனக் கண்டிக்கப்படுகிறது. பதினெட்டு வயதில் விமானியாக விரும்புபவனின் விண்ணப்பத்தைப் பத்து வயதிலேயே ரியூட்டரி நிராகரித்துவிடுகிறது. பல்கலைக்கழகப் புகுமுகத்தில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்னும் கணக்கு அம்பாறைப் பிள்ளைக்குக் கைகொடுக்கக்கூடும். கண் பரிசோதகரின் எழுத்துப் பலகையும் ஓட்டத்திடலின் கடிகாரமும் மாவட்டம் அறியா.

இனி, "எடுக்கமாட்டார்கள்" என்னும் வாதத்தை நோக்குதல் வேண்டும். இது வெறுங்கற்பனையன்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் பேசுவோர்க்கு அரச சேவையின் வாயிலை ஒடுக்கியது. படைகளில் அவர்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கினும் மிகக் குறைவு என்பது யாவரும் அறிந்ததே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆதலால் அறிவித்தலும் பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் தமிழிற் கிடைக்க வேண்டுமெனக் கோருவது சலுகை கேட்பதன்று. தோற்றவனுக்கு எப்பகுதியிற் தோற்றான் என்பதைத் தெரிவிப்பதும் அரசின் கடமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்வாறு வினவுவதற்கு வழிதிறந்துள்ளது. ஆயினும், இரண்டாவது கிலோமீற்றரில் மூச்சிரைத்து நின்றவனைக் கொண்டு பாகுபாட்டை எவ்வாறு மெய்ப்பிப்பது? எல்லாப் பகுதிகளிலும் உயர்ந்த புள்ளி பெற்றவர் விலக்கப்படும்போதே குற்றச்சாட்டு வலுப்பெறும். ஆயத்தம் அநீதிக்கு எதிரான ஆயுதமுமாகும்.

"இப்படையில் ஏன் சேர வேண்டும்?" என்று வினவுவோரும் உளர். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே வானிலிருந்து விழுந்த குண்டுகளைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. மறக்குமாறு கேட்பதும் முறையன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டம் இழந்தபோது, மீட்புக்கும் நிவாரணத்துக்கும் ஹெலிகொப்டர்கள் தேவைப்பட்டதையும் இக்கரை அறியும். குண்டு வீசுபவனும் விமானியே. உணவுப்பொதி இறக்குபவனும் விமானியே. சேர்வதா, மறுப்பதா என்பது அவரவர் மனச்சாட்சிக்குரியது. ஆனால் வாயிலைக் கடக்க இயலாதவன் "உள்ளே போக விருப்பமில்லை" என்று கூறுவதை மனச்சாட்சியின் குரலாக எவரும் ஏற்கார். மறுப்புக்குப் பொருள் தருவது தகுதி.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. கல்முனை ஸாஹிறா, மஹ்மூத் மகளிர் கல்லூரி, கார்மேல் பற்றிமா, வெஸ்லி முதலாய பாடசாலைகள் ஆண்டுதோறும் கண்பரிசோதனையும், நாள்தோறும் வெயில் வெளிச்சத்தில் விளையாட்டும் ஏற்பாடு செய்யலாம். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீட மாணவர் விடுமுறைகளிற் கருவி வாசிப்பு, இடவுணர்வு ஆகியவற்றில் மாதிரித் தேர்வு நடத்தலாம். பறப்பின் மொழி ஆங்கிலமாதலால், பேச்சாங்கிலப் பயிற்சியைப் பரீட்சைக்கு முந்திய மாதத்துக்கு ஒத்திவையாது எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம். ஊர்ச் சங்கங்கள் பரிசளிப்பு விழாவிற் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஓட்டத்தடம் அமைக்க ஒதுக்கலாம். இவற்றையெல்லாம் செய்து, அதன்பின்னும் ஓர் இளைஞனோ யுவதியோ தோற்பாராயின், அத்தோல்விக்குரிய காரணத்தை அப்பொழுது தேடலாம். ஒன்றையும் செய்யாது பிறவியையும் விதியையும் அரசையும் மாறிமாறிக் குறைகூறுவது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவிருக்கும் பிள்ளைக்குச் செய்யும் துரோகமேயாகும்.