புரியும் மொழியில் கேட்பதே சம்மதம்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் வழக்கறிஞரை நாடுவதற்குக் காரணங்கள் பல. மறைந்த கணவரின் சேமநிதிப் பணம், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, விபத்து இழப்பீடு, தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் எழுந்த சிக்கல் என அவை நீளும். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை வட சிலாங்கூர் மக்கள் நன்கறிவர்.

முன்பெல்லாம் இத்தகைய சிக்கலோடு பேருந்தேறிப் பட்டணத்திற்குப் போவார்கள். அலுவலகத்தில் தமிழ் தெரிந்த எழுத்தர் இருந்தால், எந்தப் பத்திரம் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அவரே விளக்கிவிடுவார். இன்று அந்த முதல் சந்திப்பு இணையத்தளத்திற்கு மாறி வருகிறது. பாட்டியின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை திறன்பேசியில் பாரத்தை நிரப்புகிறது. இறுதியில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். தனியுரிமை அறிவிப்பைப் படித்து ஒப்புக்கொள்வதாக அதைத் தட்டினால்தான் பாரம் போய்ச் சேரும். பாட்டி எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது பாட்டிக்கும் தெரியாது. பெரும்பாலும் பேரப்பிள்ளைக்கும் தெரியாது.

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வணிகத் தொடர்பில் பிறருடைய தகவலைக் கையாளும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்துகிறது. வழக்கறிஞர் நிறுவனங்களுக்கும் விலக்கில்லை. என்ன தகவல் எடுக்கப்படுகிறது, எதற்காக, யாரிடம் பகிரப்படலாம், அதைப் பார்க்கவும் திருத்தவும் என்ன வழி என்பவற்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு. அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்பதாலேயே தேவையும் இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் குறைந்த அளவைத்தான் வரையறுக்கிறது. தமிழில் பேசலாம் என்று அறிவித்துத் தோட்டப்புற மக்களை வரவேற்கும் ஒரு நிறுவனம், அவர்களுடைய தகவலைக் கேட்கும் இடத்தில் மட்டும் தமிழை விட்டுவிடுவது முறையாகத் தோன்றவில்லை. புரியாமல் தட்டிய கட்டத்தைச் சம்மதம் என்று சொல்வதற்கு, சட்டம் படித்தவர்களே தயங்க வேண்டும்.

அப்படி என்ன பெரிய தகவல் என்று சிலர் கேட்கலாம். அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்வோர் உண்டு. அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும், சிலாங்கூருக்கு 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இதோடு தொலைபேசி எண்ணும், சேமநிதிப் பணம் வர வேண்டியிருக்கிறது என்ற ஒரு வரியும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இவ்வளவு விவரத்தையும் சரியாகச் சொல்லி அழைப்பவனை அதிகாரி என்றே முதியவர் நம்பிவிடுவார். 2017இல் 4 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது இந்நாட்டில்தான்.

பாரத்தில் எழுதாத தகவலும் சேர்கிறது. இணையத்தளத்தைத் திறந்தவுடனே கருவியின் இணைய முகவரி பதிவாகலாம். குக்கி எனப்படும் சிறு கோப்புகள், எந்தப் பக்கம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். காலணிக் கடையின் இணையத்தளத்தில் இது சின்ன விஷயம். வழக்கறிஞரின் இணையத்தளத்தில் ஒரு பெண் மணவிலக்குப் பக்கத்தை மூன்று முறை படித்தார் என்பது அப்படியன்று. வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கட்சிக்காரர் சொன்னதை அவருடைய அனுமதியின்றி வழக்கறிஞர் வெளியிடக்கூடாது என்று 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகாது என்று மக்கள் நம்புவதில் நியாயம் உண்டு. ஆனால், பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகிறவர் இன்னும் கட்சிக்காரர் ஆகவில்லை. அவர் விட்டுச் செல்லும் தடயங்களுக்குத் தனியுரிமை அறிவிப்பே முக்கிய காவல்.

மொழிபெயர்ப்புக்குச் செலவாகும், சட்டச் சொற்களைத் தமிழில் எழுதினால் பொருள் மாறும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதை அலட்சியப்படுத்த முடியாது. எனினும், நீண்ட அறிவிப்பு முழுவதையும் தமிழாக்க வேண்டியதில்லை. மலாய், ஆங்கில வடிவங்கள் அப்படியே இருக்க, அரைப்பக்கத் தமிழ் விளக்கம் போதும். படிக்க இயலாதவர்களுக்காக அதையே ஒலிப்பதிவாகவும் வைக்கலாம். இதைவிடவும் எளிய வழி, குறைவாகக் கேட்பது. முதல் தொடர்புக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதுமே! அடையாள அட்டை எண்ணை நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

2024இல் திருத்தப்பட்ட சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியுள்ளது. தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறுவோருக்கு 3 இலட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 10 இலட்சமாகவும், 2 ஆண்டாக இருந்த உச்ச சிறைத்தண்டனை 3 ஆண்டாகவும் உயர்ந்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், எந்த அபராதமும் கசிந்துபோன எண்ணை மீண்டும் இரகசியமாக்காது.

மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைப் பெற, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். தம்மைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டால், நிறுவனம் 21 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தையும் எழுத்து மூலம் மீட்டுக்கொள்ளலாம். தேவை முடிந்த தகவலை நிறுவனம் வைத்திருக்கக்கூடாது. எடுத்துக்கொண்ட வழக்கின் கோப்பைப் பல ஆண்டுகள் காப்பது வழக்கறிஞரின் கடமையாக இருக்கலாம்; எடுத்துக்கொள்ளாத வழக்கிற்காக நிரப்பப்பட்ட பாரத்திற்கு அந்தக் காரணம் பொருந்தாது.