ஐயத்துக்கும் கணக்கு வேண்டும்

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், காவலனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்பது எமது வாதம்.

2018, 2019 ஆம் ஆண்டுகளில், மத்திய அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தோர் கூட்டங் கூட்டமாக ஐக்கிய அமெரிக்காவின் தென் எல்லையை நாடினர். அவர்களுடன் தொடர்புற்றோர் எனக் கருதி, பத்திரிகையாளர், சட்டத்தரணிகள் உள்ளிட்ட சொந்தப் பிரசைகள் மீதே எல்லைக் காவல் இலாகா கண்காணிப்புக் குறிப்பு எழுதியது. 2019 இல் சான் டியாகோத் தொலைக்காட்சி நிலையமொன்று இதனை அம்பலப்படுத்தியது.

உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் 2021 இல் அறிக்கை வெளியிட்டார். குறிப்பு எழுத நியாயமான காரணம் இருந்ததென்றே அவர் கண்டார். ஆனால், அதிகாரிகள் பலர் தமது இலாகாவின் விதியையே அறிந்திலர். தேவை முடிந்த பின்னும் குறிப்புகள் உடன் நீக்கப்படவில்லை. விளைவு? சிலர் தேவையின்றி மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டனர்.

ஐயுறுவது தகவலை ஆராய்வோன் தொழில். அவ்வையத்துக்கு ஆதாரம் எங்கே, அது என்று முடியும் எனக் கேட்பது மேலதிகாரியின் தொழில். களையெடாத வயல் விளையாது. களையெடாத ஏடும் காவலுக்கு உதவாது.

ஆகவே, ஒவ்வொரு குறிப்பின் கீழும் மேலதிகாரியின் கையொப்பமும், அது நீங்கும் நாளும் இருத்தல் வேண்டும். கையொப்பமிட்டவர் பதில் சொல்லவும் வேண்டும். அன்றேல், எல்லை காக்கப்படலாம். பிரசையின் உரிமை காக்கப்படாது!