தொண்டும் தயவும்

கிறிஸ்தவத் தொண்டு பற்றி ஈழத்துத் தமிழரிடையே இரு கருத்துக்கள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. மிஷனரிமாரின் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மதமாற்றத்திற்கு இடப்பட்ட தூண்டில் என்பது ஒன்று. அவை அன்பினால் விளைந்த அருட்கொடை, நன்றியுடன் ஏற்றலே முறை என்பது மற்றொன்று. முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்தில் உடன்படுகின்றன: கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே. தொண்டினைத் தயவாகக் காணும் இந்நோக்கே கண்டிக்கத்தக்கது.

யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் இந்நோக்கை அடியோடு மறுக்கின்றது. இயேசு மேலாடையைக் கழற்றிவைத்து, அரையிலே துணியைக் கட்டிக்கொண்டு, சீடரின் கால்களைக் கழுவுகின்றார். அன்று அது வீட்டு ஊழியரின் வேலை. பேதுரு அதனைத் தடுக்க முயன்றது வியப்பன்று. தலைவன் தன் ஆசனத்தில் இருந்தபடியே இரங்கியிருப்பின் பேதுரு மகிழ்ந்திருப்பான். ஆசனத்தை விட்டு இறங்கியதையே அவனாற் பொறுக்க இயலவில்லை. பெரிய வியாழனன்று ஆலயத்திற் கால் கழுவும் சடங்கை நிகழ்த்திவிட்டு, ஏனைய நாட்களிற் சாதியும் பதவியும் பார்த்து மனிதரை மதிப்போர் பேதுருவின் தயக்கத்தை இன்னும் கடக்கவில்லை.

தாழ்மை என்பது பணிவான முகபாவமன்று. அது ஒரு செயன்முறை. இதற்கு யாழ்ப்பாணமே சான்று தருகின்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847 இல் இங்கு வந்தார். இடையே சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்த காலம் நீங்கலாக, 1873 வரை மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு உழைத்தார். நோய் தீர்த்தலோடு அவர் நின்றுவிடவில்லை. தாம் தமிழைக் கற்றார். தமிழ் மாணவருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவரின் துணையுடன் நூல்களை ஆக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867 இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் வெளிவந்தன. ஆசிரியனாக வந்தவன் முதலிற் கற்பவர்களின் மொழிக்கு மாணவனாக வேண்டியிருந்தது. இறங்குதல் என்பது இதுவே.

கிறீன் சுவிசேஷத்தைப் பரப்பவே வந்தார் என்று சிலர் கூறுவர். உண்மையே, அவர் அதனை மறைக்கவுமில்லை. அவர் பிறந்த அதே 1822 இற் பிறந்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையை நிறுவி மிஷனரிமாரை எதிர்கொண்டமையும் நியாயமானதே. ஆயினும் தூண்டில் என்ற விளக்கம் இங்கே போதாது. தூண்டிலிடுபவன் மீனுக்குத் தூண்டிலின் சூட்சுமத்தைக் கற்பிப்பதில்லை. மருந்தைக் கொடுத்து அறிவைத் தன்னிடமே வைத்திருப்பவன் என்றும் தேவைப்படுகின்றான். அறிவையே கையளிப்பவன் தன்னைத் தேவையற்றவனாக்கிக் கொள்கின்றான். தன் இன்றியமையாமையைத் தானே அழிப்பதினும் பெரிய தாழ்மை வேறில்லை.

இவ்வளவுகோலை இன்றைய நிலைமையோடு பொருத்திப் பார்த்தல் தகும். கொடுத்தவரின் பெயர் பொறித்த கல்லும், நிவாரணப் பொதியுடன் எடுத்த நிழற்படமும் பெறுபவனை என்றும் பெறுபவனாகவே நிறுத்திவைக்கின்றன. மக்களின் வரிப்பணத்திற் கற்று, மக்களுக்கு விளங்காத மொழியில் மட்டும் பேசும் கல்விமானும் இக்குற்றத்திற்குப் புறம்பானவனல்லன். தொண்டின் உண்மையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: தொண்டன் போன பின் மக்கள் தம் காலில் நிற்கின்றனரா? நிற்கவில்லையாயின், அங்கு நடந்தது கால் கழுவுதலன்று, கை கழுவுதலே.