குழந்தையின் கண் போன பக்கம்

1966இல் நியூயார்க்கில் ஓர் இரவு விருந்து. விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சி தொடங்காத தொலைக்காட்சியின் வெறும் கோடுகளை வெறித்துக்கொண்டிருந்த தன் சின்ன மகளைப் பற்றி உளவியலாளர் லாயிட் மாரிசெட் பேசினார். கேட்டவர் தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனி. அந்தப் பேச்சில் முளைத்ததுதான் 1969 நவம்பரில் ஒளிபரப்பான 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி. ஒளிபரப்புக்கு முன் காட்சிகளைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்தார்கள். அதில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எந்தக் கட்டத்தில் அங்கே தாவுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பொம்மையும் மனிதரும் சேர்ந்து வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது நிபுணர் வாக்கு. ஆனால் மனிதர்கள் மட்டும் வந்த தெருக்காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சிதறியது. நிபுணர் வாக்கை ஒதுக்கிவிட்டு, பெரிய மஞ்சள் பறவைப் பொம்மையைத் தெருவில் இறக்கினார்கள். கூட்டு முயற்சி என்றால் எனக்கு ஆய்வாளரும் தயாரிப்பாளரும் குழந்தையும் சேர்ந்து செய்த இதுதான். பாடத்தை ஒருவர் எழுதி முடித்து, படம் போட இன்னொருவரிடம் அனுப்புவது வெறும் வேலைப் பங்கீடு. குழந்தைகளுக்கு நூலோ விளையாட்டோ செய்கிறவர்களே, ஆசிரியரும் ஓவியரும் முதல் நாளே ஒன்றாக உட்காருங்கள். நடுவில் ஒரு குழந்தையையும் உட்காரவையுங்கள்.