தேய்மானம் யார் கணக்கு?

உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கடியிலோ ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதா? கிடக்கும். மேலே ஒரு பழைய துண்டு போர்த்தியிருக்கும். 'பழசு சார், ஓடாது' என்பீர்கள். சரி, அது பழசு என்று உங்களுக்கு யார் சொன்னது?

எனக்குச் சொன்னவர் ஒரு ரிப்பேர் கடைக்காரர். 2025 தீபாவளிக்குப் பழனிசெட்டிபட்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையைத் தடவி டிக்கெட் எடுப்பதற்குள் வந்துவிடும் ஊர். தங்கை மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். பையனுக்கு ஒரு கிறுக்கு. கம்ப்யூட்டர் கேம் செய்ய வேண்டுமாம். விளையாடுகிற பையன்கள் தெருவுக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள். இவன் செய்ய வேண்டும் என்கிறான்.

செய்வதற்கு அவனிடம் இருந்தது ஒரு இலவச லேப்டாப். அதுவும் அவனுக்குக் கொடுத்ததில்லை. பெரியப்பா மகள் 2012-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. கல்யாணமாகி அவள் திருப்பூர் போனபோது இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பால் காய்ச்சி, காப்பி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடையில் காட்டினோம். மூடியைக்கூடத் திறக்கவில்லை மனிதர். "இது எடைக்குத்தான் சார். முப்பத்தஞ்சாயிரத்துல புதுசு ஒண்ணு எடுத்துருங்க. இஎம்ஐ போட்டுக்கலாம்."

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். மச்சான் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவர். "அண்ணே, நீயே பாத்து வாங்கிக் குடுத்துருண்ணே, மாசாமாசம் நான் குடுத்துர்றேன்" என்றாள். நானும் கிட்டத்தட்ட சரியென்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக விழுகிற ஆள்தான் நான்.

அன்றைக்கு ராத்திரி என்னைத் தடுத்தது படித்த பி.காம்.தான். அந்தப் படிப்பு எனக்கு உதவிய மிகச் சில சந்தர்ப்பங்களில் ஒன்று. தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு முன்பெல்லாம் வருடம் 60 சதவீதம் தேய்மானம் எழுதலாம். 2017 ஏப்ரலிலிருந்து 40. முப்பதாயிரத்துக்கு வாங்கிய பெட்டி முதல் வருட முடிவில் பதினெட்டாயிரம், அடுத்து 10,800, அடுத்து 6,480. ஐந்தாம் வருடக் கடைசியில் 2,332 ரூபாய் சொச்சம். ஆனால் குறைந்து செல் மதிப்பு முறையில் எத்தனை வருடம் கழித்தாலும் பூஜ்யம் வராது. ஏதோ ஒன்று மிச்சம் நிற்கும். முக்கியமான இன்னொன்று: இது பேரேட்டில் தேய்வது. பேரேட்டில் தேய்ந்ததற்காகப் பெட்டிக்குள் ஒரு திருகாணிகூடத் தேயாது.

பிறகு எப்படிப் பழசாகிறது? தேதி குறித்துப் பழசாக்குகிறார்கள். அந்தத் தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், 2025 அக்டோபர் 14-ம் தேதி, விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு நீட்டிப்பு என்று ஒரு வால். விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பிறகு வந்தவைதான் பட்டியலில். இந்த மாற்றத்தால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டிருந்தது. முந்தின நாள் வரை மின்சாரக் கட்டணம் கட்டி, கல்யாணப் பத்திரிகை அடித்து, தேர்வு முடிவு பார்த்துக்கொண்டிருந்த பெட்டிகள் இவை.

உடனே அமெரிக்கக் கம்பெனியைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம் பக்கக் கதை அதைவிடக் கேவலம்.

அந்த லேப்டாப்பில் என்ன இருந்தது என்று பார்த்தேன். ஏதோ ஒரு கடையில் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஓஎஸ் போட்டு'க் கொடுத்த திருட்டு விண்டோஸ். கூடவே திருட்டு போட்டோஷாப், திருட்டு ஆபீஸ், இவர்களையெல்லாம் உள்ளே அழைத்து வந்த வைரஸ் குடும்பம். இரண்டு ஜிபி ராமின் மேல் இத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தால் அது ஓடுமா, நொண்டுமா?

வேதனை என்னவென்றால், 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. தமிழ் தெரியும். நகல் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். எல்லாம் சட்டப்படி. எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அது ஒரு மாதம் தாங்கவில்லை. கடைக்குப் போன முதல் நாளே அழித்தார்கள். 'அது எதுக்கு சார், வேஸ்ட்டு.'

அதாவது, மரியாதையாகக் கையில் கொடுத்தால் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் செலவழித்துத் திருடினால்தான் நமக்கு ருசி.

திருட்டுப் பிரதியால் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்த்துவிட்டால், நாளைக்கு அவன் வேலை பார்க்கிற ஆபீஸ் காசு கொடுத்து வாங்கத்தானே வேண்டும்? இலவச விளம்பரம் செய்து கொடுக்கிறோம். பையன்களின் செலவில்.

சொல்லிப் பார்க்க ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இந்தச் சங்கதிகளையெல்லாம் தமிழில் விளக்கி இலவசமாகக் கொடுத்தது. கேட்டோமா?

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் ரோட்டைப் பிடித்துப் போனால் அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் குமுளி. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடங்களில் வேறு கதை. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில வருடங்களிலேயே லினக்ஸுக்கு மாறிவிட்டது. இப்போது அதன் பெயர் கைட். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைவது, நிரல் எழுதுவது எல்லாம் அதில்தான். 2019-ல் தங்கள் பள்ளிகளுக்கென்றே தயாரித்த புதுப் பதிப்பை வெளியிட்டபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பாதியாக வெட்டுங்கள், அப்போதும் பெரிய பணம்தான். முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறோமே, அவர்கள் சும்மா தரத் தயாராக இருக்கிற இந்தச் சரக்கை மட்டும் ஏன் கேட்கவே இல்லை?

சரி, லேப்டாப் என்ன ஆயிற்று? பழைய நாலு ஜிபி ராம் ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி ஒன்று. இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துக்குள். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்தோம். சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். வைஃபை வேலை செய்யவில்லை. செல்போனை வயரில் மாட்டி, அதன் நெட்டில் டிரைவரை இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு ராத்திரி போனது. கறுப்புத் திரையில் அவன் கட்டளை அடிக்க, ஒரு எழுத்து தப்பாகி, முதலிலிருந்து ஆரம்பித்து... தங்கை வந்து பார்த்துவிட்டு, "கடைக்காரன் சொன்னப்பவே வாங்கியிருக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மத்தியானம் அரை நிமிடத்துக்குள் திரை வந்தபோது அவளே இரண்டு தடவை அணைத்துப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

கேம் செய்ய கோடோ என்று ஒரு கருவி. அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி, 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெக்கெட்டின் நாடகத்தில் கடைசிவரை வராத ஆளின் பெயர் அது. இது வந்துவிட்டது. நூறு எம்பிகூட இல்லை. புதிய நாலாம் பதிப்பு இந்தக் கிழட்டு லேப்டாப்பில் முக்கியது. மூன்றாம் பதிப்பு ஓடியது. போதும்.

'பெரிய கம்பெனிக் கருவிகளும் ஆரம்பத்தில் இலவசம்தானே?' என்பீர்கள். யூனிட்டி என்று ஒன்று, உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் கேம் செய்கிறார்கள் என்கிற அளவுக்குப் பிரபலம். 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி திடீரென்று, ஒரு அளவைத் தாண்டி விற்கிற கேம்களுக்கு, ஒவ்வொரு தடவை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே செய்து முடித்த கேம்களுக்கும் சேர்த்து! உலகமே கொந்தளித்து, இறங்கி வந்து, ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். நல்லது. ஆனால் அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டதா இல்லையா?

லினக்ஸில் எல்லாம் முடியும் என்றும் புளுக மாட்டேன். டேலி நேரடியாக ஓடாது. பி.காம். படித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று உங்களுக்குத் தெரியாது. வாலரன்ட் மாதிரிப் போட்டி விளையாட்டுகளும் ஓடாது. மாப்பிள்ளை இரண்டு நாள் அதற்குத் துக்கம் காத்தான். 'வேலைக்கு உதவுமா?' என்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து, உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் ஒன்று பாக்கியில்லாமல் லினக்ஸ்தான். 1991-ல் பின்லாந்தில் இருபத்தோரு வயது மாணவன் ஒருவன் தன் வீட்டு கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை அது. அவனையும் அவன் வீட்டில் 'இது எதுக்குடா உதவும்?' என்று யாராவது கேட்டிருக்கக் கூடும்.

மாப்பிள்ளை செய்கிற கேமைச் சொல்லவில்லையே. ஒரு ஜீப். விடியற்காலை. தோட்டத்துக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும். வேகமாகப் போனால் மதிப்பெண் குறையும். இப்படி ஒரு விதியை எந்த வெளிநாட்டு கேமிலும் நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்குப் போனபோது நாலு வளைவு முடித்திருந்தான். மச்சான் குளித்துவிட்டு வந்து, துண்டோடு நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"என்னாடா இது, பதினாலு ஆள ஏத்திக்கிட்டு செகண்ட் கியர்ல திரும்புது? ஃபர்ஸ்ட்டு போடாம ஏறாதுடா."

"அதுல கியரே இல்லப்பா."

"இல்லையா? அப்பறம் எப்படி ஏறும்?"

பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்த கியர் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் ஏழாவது வளைவுக்கு வரும்போது மணி பத்தரை. காலையில் மறுபடி வண்டி எடுக்க வேண்டும். தங்கை வந்து விளக்கை அணைத்தாள்.