மெத்தைக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க

புனேயில் நம்மாட்கள் சிலருக்குப் புதுசாக ஒரு ஆசை பிடித்திருக்கிறது. பழைய மெட்டடார் வேன் ஒன்றைத் தேடிப் பிடிப்பது, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணி டேங்க், குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்குவது, மே மாசம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது. கோடை லீவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கப் போராடியவர்களுக்கு இந்த ஆசையின் நியாயம் புரியும். வண்டியும் அந்நியம் இல்லை. இதே புனே பக்கம் ஆகுர்டியில் பஜாஜ் டெம்போ செய்தது, நம்ம ஊரில் கல்யாண வேனாக ஓடியது.

ஆசை சரிதான். காசு செலவழிக்கிற வரிசைதான் சரியில்லை என்பது என் கட்சி.

கூட வேலை பார்க்கும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் போன மாசம் தன் வண்டியைக் காட்டினார். மெத்தை பிரமாதம். ஜன்னல் திரை அவங்க வீட்டுத் தங்கமணி தேர்வாம், அதுவும் பிரமாதம். "பிரேக் எப்படி அண்ணாச்சி?" என்றேன். "ஆர்.சி. புதுப்பிச்சாச்சுல்லா தம்பி, பெறவு முன்னால டிஸ்க் போட்டுக்கிடலாம்" என்றார். குனிந்து பார்த்தால் நாலு சக்கரத்திலும் டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை லைன். அதாவது நாலில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், ஹேண்ட் பிரேக்தான் கதி.

மலை இறக்கத்தை ஒரு கணக்காகப் பாருங்கள். குன்னூர் ரயில் நிலையத்துக்கும் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே வண்டியை ஐம்பது தடவைக்கு மேல் முழுசாக நிறுத்துவதற்குச் சமம். எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் காருக்கும் வேனுக்கும் இதே கணக்குதான் (பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ், சரிபார்த்துக்கொள்ளுங்கள்!). இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்கும். எடை கூடக் கூட அந்தச் சூடும் கூடும், டிரம் மட்டும் அதே பழைய டிரம்.

டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிமானம் இழக்கும். அதைவிட மோசம் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. அதில் நாலு சதவீதம்கூட இல்லை, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். கொதித்தால் பைப்பில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், ஷூ நகராது. வருஷக்கணக்காக ஷெட்டில் நின்ற வண்டியில் எத்தனை வருஷத்து ஆயில் இருக்கிறதோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, டிஸ்க் போட்டால் தீர்ந்ததா? முழுசாகப் போட்டால் நல்லதுதான். ஆனால் பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் டிஸ்க்கும் காலிபரும் பொறுக்கி, பிராக்கெட் வெல்டிங் அடித்து மாட்டுகிறார்களே, அதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்துப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே பூஸ்டர் வேண்டும். காலிபர் குடிக்கிற ஆயில் அதிகம், மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும். முன்னாலுள்ள டிஸ்க்குக்காகக் கூட்டிய அழுத்தம் பின்னாலுள்ள டிரம்முக்கும் அப்படியே போனால், அவசரத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். அதற்குப் பின் லைன் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். பாதி வேலை செய்த டிஸ்க்கைவிட ஒழுங்கான டிரம் எவ்வளவோ மேல்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டி செய்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆகவே கட்டில் போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் காசு இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டருக்கு. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அடுத்து ஹோஸ் எல்லாம் புதுசு, வீல் சிலிண்டர் புதுசு, லைனிங் புதுசு. டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் சரிபார்ப்பது. புது டாட் 4 ஆயில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி. ஹேண்ட் பிரேக் கேபிளையும் விட்டுவிடாதீர்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் மலை இறக்கத்தில் மனசு ஒப்பவில்லை என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம்.

அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஃப்ரிட்ஜ் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது :-) வண்டி மெக்கானிக்கிடம் நிற்கிறது. வந்ததும் தண்ணி டேங்க் நிரப்பி, நாலு அரிசி மூட்டை ஏற்றி, காலி மைதானத்தில் முதலில் 30, பிறகு 50 வேகத்தில் நிறுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. அவங்க அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு, பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வரப்போகிறவர் அவர்தான்.